இரட்டைப் பூட்டு

ஜனவரி 22

வண்டி வந்துவிட்டது. சாம்பல் நீலம். சிறியதுதான், ஆனால் சொகுசு எஸ்.யு.வி. என்று சொல்லத்தக்க எல்லாம் இருக்கிறது.

நான் மோட்டார் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது தொழில். நடந்ததை நடந்தபடி சொல்லும் உரிமையாளரை இதுவரை நான் பார்த்ததில்லை. பொய் சொல்ல வேண்டும் என்பதல்ல, ஒரு வாரம் போனால் தாங்கள் சொல்வதையே அவர்கள் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் எல்லோரிடமும் சொல்வேன்: வண்டி வாங்கிய நாளிலிருந்து டைரி போடுங்கள், நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள். இன்று முதல் நானும்.

ஷோரூம் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச் சத்தம் உள்ளே வராது, உள்ளே பேசுவது வெளியே கேட்காது. எங்கே இருந்தும் போனிலேயே ஏ.சி.யைப் போடலாம். பத்து நிமிடம் ஓடி அதுவாகவே நின்றுவிடும். அப்படி இரண்டு தடவைதான், மூன்றாவது தடவைக்கு முன் ஒருமுறை நாமே வந்து வண்டியை எடுக்க வேண்டும். வெளியே இருந்து பூட்டினால் இரட்டைப் பூட்டு விழுகிறது. திருடன் கண்ணாடியை உடைத்து உள்ளே கையை விட்டாலும் கதவு திறக்காது. பூட்டிய வண்டிக்குள் எது அசைந்தாலும் அலாரம் அடிக்கும். அதையும் போனிலேயே நிறுத்தலாம். இத்தனை வருடத்தில் நான் பார்த்த திருட்டுக் கேஸ்களில் பாதி இந்த வண்டியில் நடந்தே இருக்காது.

அண்ணன் தெய்வசிகாமணி ஈரோட்டிலிருந்து வீடியோ காலில் பார்த்தார். மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார், பெரிய வண்டி ஓட்டுகிறார். "என்றா சுந்தரம், பெரிய வண்டியத் தொவைச்சுக் காயப்போட்டுச் சுருங்கின மாதிரி இருக்குது" என்றார். என் மனைவி பூங்கொடி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 1

அப்பாவைக் கூட்டி வந்தேன். அம்மா போனபிறகு ஒரு மாதம் ஈரோட்டில் அண்ணன் வீடு, ஒரு மாதம் கோவையில் எங்கள் வீடு என்று முறை. மாதம் பிறந்ததும் விஜயமங்கலம் டோல்கேட்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் அண்ணன் தன் வண்டியிலிருந்து இறக்குவார், நான் என் வண்டியில் ஏற்றிக்கொள்வேன். ஜனவரி, மார்ச், மே அவருக்கு. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் எனக்கு.

"உனக்கு மட்டும் எப்படிறா எல்லாம் சின்ன மாசமாவே அமையுது? வண்டிகூடச் சின்னதுதான்" என்றார் அண்ணன். ஆகஸ்ட் எனக்கு முப்பத்தொன்று என்பதை ஞாபகப்படுத்தினேன். "ஆகஸ்ட்டு வரைக்கும் இருக்கட்டும், பாக்கலாம்." அப்பா அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

அப்பா மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவர். இரண்டு வருடமாக மறதி. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: "இதுல பீஸ் கட்டை எங்கிருக்குது?"

பிப்ரவரி 4

அப்பா வெற்றிலையைத் துப்பினார். கண்ணாடி இறங்கியிருக்கிறது என்று நினைத்துவிட்டார். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன். கண்ணாடி, கதவு, சீட்டின் ஓரம் எல்லாம் சிவப்பு.

"தொறந்துதானடா இருந்துச்சு" என்று வாதாடினார். மூன்று தடவை துடைத்தேன். கதவின் உள்பக்கத் தையலில் லேசாகத் தங்கிவிட்டது. பின் சீட்டில் அவர் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஷீட் விரித்தேன்.

பூங்கொடி பார்த்துவிட்டு, "தர்ப்பூசணி விக்கிற வண்டி மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

பிப்ரவரி 10

உழவர் சந்தை வாசலில் அப்பாவை வண்டியில் விட்டுவிட்டுக் காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். பிறகு ஒரு கண்டக்டர் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த சீட்டைப் பார்த்துப் போன் செய்தார். வேலைக்குப் போகும் டவுன் பஸ் என்று எதிலோ ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். "பாஸ் வீட்டுல இருக்குதுன்னு சொல்றாருங்க" என்றார் கண்டக்டர்.

இனிமேல் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவருடைய பாதுகாப்புக்குத்தான்.

பிப்ரவரி 15

அலாரம் முதல் தடவையாக அடித்தது. நான் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு காக்கை பறந்தது, அதுவாக இருக்கும். போனை எடுத்து நிறுத்தினேன். ஒரு நொடியில் நின்றுவிட்டது. அற்புதமான வசதி.

அப்பா வண்டிக்குள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் பிடிப்பதில்லை.

பிப்ரவரி 24

கருமத்தம்பட்டி ஒர்க்‌ஷாப்பில் கவிழ்ந்த லாரி ஒன்று, சர்வே. பூங்கொடி கணக்கு டீச்சர், அவளுக்குப் பள்ளியில் தேர்வு. அதனால் அப்பாவைக் கூடவே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. கூட இறக்கினால் எல்லோரையும் நிறுத்தி வைத்து ட்ரான்ஸ்பார்மர் கதை சொல்லுவார். ஏ.சி.யைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போனேன்.

லாரிக்கு அடியில் இருந்தபோது அலாரம் இரண்டு தடவை அடித்தது. படுத்தபடியே போனில் நிறுத்தினேன். ஒர்க்‌ஷாப்காரர், "ஏனுங்க சார், பொண்டாட்டி கத்துனாலும் நிறுத்தற மாதிரி ஒண்ணு வருதுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சென்சாரில் ஏதோ கோளாறு. கவனிக்க வேண்டும்.

லாரி உரிமையாளர் ஓட்டுநரைக் குறை சொல்கிறார், ஓட்டுநர் மாட்டைக் குறை சொல்கிறார். அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதினேன். வழக்கமாக அந்த ஒரு சொல்லே போதும்.

மார்ச் 1

அப்பாவை ஒப்படைத்தேன். அண்ணன், "எடை குறைஞ்ச மாதிரி இருக்குது, பொருளைச் சரியா வெச்சிருந்தியா?" என்று கேட்டார். வியாபாரி, எல்லாவற்றிலும் விளையாட்டு.

பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துவிட்டேன்.

மார்ச் 29

இந்த மாதம் முழுவதும் அலாரம் ஒருமுறைகூடத் தவறாக அடிக்கவில்லை. ஊட்டிக்குப் போய்வந்தோம், கல்யாண மண்டபம், சினிமா, மருத்துவமனை எல்லா இடத்திலும் நிறுத்தினேன். புதிய வண்டியில் சென்சார்கள் ஒரு நிலைக்கு வரக் கொஞ்ச காலம் பிடிக்கும் போலிருக்கிறது. மைலேஜும் கூடியிருக்கிறது.

ஏப்ரல் 1

அப்பா. பிளாஸ்டிக் ஷீட்.

ஏப்ரல் 7

மறுபடியும் அலாரம். கண் ஆஸ்பத்திரி வாசலில். கண்ணாடி வாங்கத்தான் போயிருந்தேன், ஐந்து நிமிட வேலை. டோக்கன் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். நான்கு தடவை நிறுத்தினேன். வந்து கதவைத் திறந்தால் அப்பா சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது.

வீட்டில் பூங்கொடி சட்டையைப் பார்த்தாள். "மாமாவையும் உள்ள கூட்டிட்டுப் போயிருக்கலாமுல்லங்க."

"நீ ஒருநாள் கூட்டிப்போய்ப் பார்."

"நான் கூட்டிட்டுத்தான் போறேன். போன வாரம் ரேஷன் கடைக்கு வந்தாருங்க. அங்க லைட்டு விட்டுவிட்டு எரிஞ்சுது. எவன்டா ஒயரிங் பண்ணுனதுன்னு ஒரே சத்தம். கடைக்காரர் ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாரு."

அவளுக்குப் பொறுமை உண்டு. வேலை இல்லாதவர்களுக்குப் பொறுமை இருக்கும் என்று சொல்ல வந்தேன். அவளுக்கும் வேலை இருப்பதால் சொல்லவில்லை.

ஏப்ரல் 11

வண்டியைச் சர்வீஸ் சென்டரில் விட்டேன். அலாரத்தைப் பார்க்கச் சொன்னேன். ஆலோசகர் நிஷாந்த் என்ற பையன், வெள்ளைச் சட்டை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"கோளாறு ஒண்ணும் இல்லீங்க சார். உள்ள ஏதாச்சும் அசைஞ்சாத்தான் அடிக்கும். நாய் கீய் உள்ள விட்டுட்டுப் போவீங்களா?"

நாங்கள் நாய் வளர்ப்பதில்லை என்றேன்.

"அப்படி விடற மாதிரி இருந்தா சொல்லுங்க சார். பூட்டறதுக்கு முன்னாடி ஒரு பொத்தான் அழுத்தணும். உள் சென்சாரும் வேலை செய்யாது, இரட்டைப் பூட்டும் விழாது. உள்ள இருக்கறவங்க வேணும்னா தொறந்துக்கலாம்."

திறந்துகொண்டு பஸ் ஏறிவிட்டால் யார் தேடுவது? பொத்தான் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வைப்பர் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 19

அப்பா இன்று சாப்பிடும்போது சொன்னார்: "சுந்தரம், நான் கண்டுபுடிச்சுட்டன். கையத் தூக்குனாத்தான் உன்ற வண்டி கத்துது. கைய மடியில வெச்சுட்டுக் கம்முனு இருந்தா அதும் கம்முனு இருக்குது."

பூங்கொடி சோறு போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"நீ பயப்படாத" என்றார் அப்பா. "நான் ஆடமாட்டன். லைன்ல வேலை செய்யறப்ப ஆடாம நின்னு பழக்கம்."

அவர் நாளுக்கு ஒன்று கண்டுபிடிக்கிறார். நேற்று டி.வி.க்குள் எர்த் இல்லை என்று கண்டுபிடித்தார்.

ஏப்ரல் 25

இந்த வாரம் வங்கி, டயர் கடை, இரண்டு சர்வே. எங்கும் அலாரம் அடிக்கவில்லை. நிஷாந்த் ஏதோ சரிசெய்திருக்கிறான், அவனுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 28

மே ஒன்றாம் தேதி ஈரோட்டில் சித்தப்பா பேத்தி கல்யாணம். டோல்கேட்டுக்குப் போவதற்குப் பதில் மண்டபத்திலேயே அப்பாவைக் கைமாற்றிக்கொள்ளலாம் என்றேன். அண்ணன் யோசித்தார்.

"மண்டபத்துக்குள்ள யாரு கூட்டிட்டுப் போறது? பாத்ரூமுக்கு நாலு தடவை எழுந்திரிப்பாரு."

"ஒண்ணாம் தேதி உங்க மாசமுங்கண்ணா."

"மாசம் காத்தாலேயே பொறந்துருமாடா? வாங்கிக்கிட்டாத்தான் மாசம்."

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டோம். மண்டபம் முழுக்க ஏ.சி.யாம். வண்டியைக் கழுவிப் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன். பங்காளிகள் யாரும் இன்னும் பார்க்கவில்லை.

மே 1

அப்பா காலமானார்.

மே 5

நடந்ததை அன்றைக்கே எழுதுவது என்று வைத்திருந்தேன். முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு மண்டபம் சேர்ந்தோம். வேப்பமர நிழல் பார்த்து நிறுத்தினேன். பூங்கொடி சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு பெண்ணறைக்குப் போனாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் சந்தனக் கிண்ணத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். வண்டி வரை வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"தூங்கறாரு. இப்ப எறக்குனா நான் பாக்கோணும், எறக்காட்டி நீ பாக்கோணும். யாரும் எறக்க வேண்டாம். சாப்பிட்டுட்டு என்ற வண்டிக்கு மாத்திக்கறன்."

போனில் ஏ.சி.யைப் போட்டேன். பூட்டினேன். முகூர்த்தம் முடிந்ததும் போனில் இன்னொரு முறை போட்டேன். மூன்றாவது தடவை வண்டி ஏற்கவில்லை. அண்ணன் பந்திப் பக்கம் போவதைப் பார்த்தேன். அவர் அப்பாவை மாற்றிவிட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளக் காரணம் இருந்தது, அது அவருடைய மாதம்.

பத்து மணிக்கு மேல் மரத்தின் நிழல் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருக்கிறது. நான் உள்ளே இருந்தேன். உள்ளே குளிராக இருந்தது.

சித்தப்பா மகன்கள் வண்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது வெளியே அலாரம் அடித்தது. போனை எடுத்து அவர்கள் முன்னால் நிறுத்திக் காட்டினேன். "அட, இங்கிருந்தேவா!" என்றான் ஒருவன். மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவன் கையிலேயே போனைக் கொடுத்தேன், அவன் நிறுத்தினான். மூன்றாவது தடவை அடித்தபோது நான் பந்தியில் இருந்தேன், இலையில் பாயசம் விட்டிருந்தார்கள். அது நீண்ட நேரம் அடித்தது. எதிர்ப் பந்தியிலிருந்து அண்ணன், "என்றா, உன்ற வண்டிக்கும் பசிக்குதாட்டங்குது" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. இடது கையால் நிறுத்தினேன்.

பிறகு அடிக்கவில்லை.

பூங்கொடி பந்திக்கு வந்தவள் அண்ணியிடம், "மாமா சாப்பிட்டாருங்களாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "உங்க வண்டியிலதான இருக்கறாரு?" என்றிருக்கிறார் அண்ணி. பூங்கொடி என்னிடம் வந்து சாவியைக் கேட்கவில்லை. என் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. அப்பா தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் ஷீட் அவர் முதுகில் ஒட்டியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கக் கைத்தடம்.

கைகள் மடியில் இருந்தன.

மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் டாக்டர். வயது, வெயில், மாரடைப்பு என்றார், சான்றிதழ் கொடுத்தார். கல்யாண வீட்டில் மேளத்தை நிறுத்த வேண்டாம் என்று பின்வாசல் வழியாக ஏற்பாடு செய்தார்கள். என் வண்டியிலேயே அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னார்கள். சித்தப்பா தடுத்தார்: "புது வண்டில பொணத்தை ஏத்தக் கூடாது, ஆகாது." ஆம்புலன்ஸ் வந்தது.

கொள்ளி அண்ணன் வைத்தார். சுடுகாட்டிலிருந்து வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் வாங்கிக்கவே இல்லடா. அதை மட்டும் நெனப்புல வெச்சுக்கோ."

மே 19

காரியம் முடிந்து கோவை வந்தோம். வண்டியை உள்சுத்தம் செய்யக் கொடுத்தேன். பின் கண்ணாடியில் இருந்த தடங்கள் போய்விட்டன. கதவுத் தையலில் இருக்கும் வெற்றிலைக் கறை மட்டும் போகாது என்கிறார்கள். பேனலை மாற்றினால்தான் உண்டு.

கம்பெனியிலிருந்து இரண்டு சர்வே வந்திருக்கிறது. ஒன்று, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துத் தன் வீட்டுச் சுவரையே இடித்தவர். சுவர் முன்பு அங்கே இல்லை என்பது போலப் பேசுகிறார்.

ஜூன் 1

எங்கள் மாதம்.

பூங்கொடி வண்டியில் ஏறுவதில்லை. பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போகிறாள். இன்று மழை பெய்தது, வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாப் வரை போனேன். கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள், அவள் மட்டும் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறினாள். ஜன்னலோரமாக இடம் கிடைத்தது.

ஜூன் 6

வீட்டில் பேச்சு குறைவு. சோறு போடும்போது, "அவரு சொன்னாருங்க" என்றாள்.

யார், என்ன என்று கேட்டேன்.

"சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்து சொன்னாருங்க. நீங்களும் இருந்தீங்க, நானும் இருந்தேன்."

வண்டியை விற்றுவிடலாம் என்றேன். அவள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 14

வண்டி பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். தென்னந்தோப்புக்காரர், நஞ்சப்பன் என்று பெயர். நல்ல உருவம், கலகலப்பான மனிதர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார், பெயின்டில் விரலை ஓட்டினார். புது வண்டி மாதிரி இருக்கிறதே, ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பயன்பாடு குறைந்துவிட்டது என்றேன்.

"அலாரம் எல்லாம் வேலை செய்யுதுங்களா? எங்க பக்கம் திருட்டு ஜாஸ்திங்க."

செய்கிறது என்றேன்.

"காட்டுங்க பாக்கலாம். நான் உள்ள உக்காந்துக்கறன், நீங்க பூட்டுங்க."

பின் சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திப் பூட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு கையைத் தூக்கினார். அலாரம் அடித்தது. பலமாகத்தான் அடித்தது, எதிர்வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் கட்டைவிரலை உயர்த்தி நன்றாக இருக்கிறது என்று காட்டினார். போதும் என்று சைகை செய்தார். போனில் நிறுத்தினேன்.

கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. அந்தப் பெண் ஷோரூமில் சொன்னது உண்மைதான். கண்ணாடியைத் தட்டினார். கை அசைந்ததும் அலாரம் மறுபடி அடித்தது. நிறுத்தினேன். மறுபடி தட்டினார். நிறுத்தினேன். வாசலில் நல்ல வெயில். அவர் நெற்றியில் வியர்வை வரத் தொடங்கியதைப் பார்க்க முடிந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்தார். வைத்த இடத்தில் தடம் விழுந்தது.

ஒரு மனிதன் எப்போது கையை மடியில் வைப்பான் என்று தெரியவில்லை.

பூங்கொடி வெளியே வந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கி, அதிலேயே வண்டியின் பூட்டைத் திறந்தாள்.

நஞ்சப்பன் இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார். "சாருக்குத் தமாசு ஜாஸ்திங்க" என்று பூங்கொடியிடம் சொன்னார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போய்விட்டார். வரமாட்டார்.

பூங்கொடி போனை என்னிடம் திருப்பித் தரவில்லை. திண்டுக்கல்லில் இருக்கும் தன் தங்கையிடம் அதிலேயே பேசினாள். நாளைக் காலை பஸ்ஸில் அங்கே வருவதாகச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்டது, எழுதவில்லை.

சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்தேன். முறைப்படி வண்டியை முழுக்க ஒரு தடவை பரிசோதித்தேன். பூட்டு, சென்சார், அலாரம், சத்தத் தடுப்பு எல்லாம் சொன்னபடி வேலை செய்கின்றன.

வண்டியில் குறை எதுவும் இல்லை.